சிகாகோ அவையில் ஜைனக் குரல்

காந்தி என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுபவர் அண்ணல் காந்தியடிகளே. அவர் பிறந்த கத்தியவார்ப் பகுதியிலேயே, அவருக்கு 5 ஆண்டுகள் முன்னதாகத் தோன்றிய மற்றொரு காந்தியை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அவர்தாம் ஸ்ரீமான் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. காந்தியடிகள் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய நாளில் அவருடன் சேர்ந்து உணவுச் சோதனைகள் நடத்திய நண்பரும் இவரே.

1864 ஆகஸ்டு 25 ஆம் நாள் மகுவா என்னும் ஊரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பம்பாயில் பட்டம் பெற்று, 21 ஆம் வயதிலேயே இந்திய ஜைன சங்கத்தின் கௌரவச் செயலாளரானார். பாலிதானா மலைக்குச் செல்லும் யாத்திரிகர் தலைக்கு இவ்வளவு என்று அந்நாட்டு மன்னர் வரி விதித்துவந்த காலம் அது. ஆங்கில அதிகாரிகளிடம் அமைதியாக வாதாடி, 1886 இல் ஆண்டுக்கு 15,000 ரூபாய் என நிலையான தொகையாக அதனை மாற்றச் செய்தார். பின்னர் நம் சம்மேத சிகர்ஜியின் அருகே ஆங்கிலேயர் ஒருவர் பன்றிக் கொழுப்பு எடுக்கும் ஆலை அமைத்தபோது, கல்கத்தா சென்று தங்கினார். பழைய ஆவணங்கள் வங்க மொழியில் இருந்தமையால் அம்மொழியையே கற்று, அவற்றைப் படித்து வழக்கை வென்றார். 20 தீர்த்தங்கரர் வீடுபேறு எய்திய அம்மலையை ஏறி வணங்கும் நம் குடும்பங்கள் இவர் பெயரையும் அறிந்திருத்தல் தகும்.

1893 இல் சிகாகோவில் உலகச் சமயப் பேரவை கூடியபோது, சுவேதாம்பர ஆசாரியர் ஆத்மாராம்ஜி என்னும் விஜயானந்த சூரிக்கு அழைப்பு வந்தது. துறவியர் ஊர்தி ஏறார், கடல் கடவார். ஆகவே அவர் வீர்சந்தைத் தேர்ந்து, தத்துவங்களைப் பயிற்றி அனுப்பினார். கடல் கடத்தல் குற்றம் என்று ஒரு சாரார் எதிர்த்தனர். சைவ உணவு சமைக்க ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, 29 வயதினரான அவர் கப்பல் ஏறினார்.

செப்டம்பர் 11 இல் பேரவை தொடங்கிற்று. முதல் நாளில் பேச்சுக்கள் நீண்டுகொண்டே சென்றன. கத்தியவார் தலைப்பாகை அணிந்து எழுந்த வீர்சந்த், நல்லுரைகள் பல கேட்ட அவையின் நேரத்தைத் தாம் கவர விரும்பவில்லை என்றார். தம் சமயம் பௌத்தத்திலும் பழமையானது, ஒழுக்கத்தில் அதனை ஒத்தது, 15 இலட்சம் அமைதியான குடிமக்களால் பின்பற்றப்படுவது என்று சொல்லி, தம் ஆசாரியர் சார்பில் நன்றி கூறி அமர்ந்தார். முதன்முறையாக உலக அவையின் முன் நிற்கும் இளைஞர் ஒருவர் இத்துணைச் சுருக்கமாக முடித்தது எளிய செயலன்று. அளந்தும் ஆராய்ந்தும் பேசுதலை நம் ஆகமங்கள் பாஷா சமிதி என்று துறவிக்கு விதித்தன. இல்லறத்தாரான அவர் அதனை மேடையிலேயே மேற்கொண்டார் என்றே யாம் கொள்கிறோம்.

செப்டம்பர் 25 இல் நம் அறத்தை விரித்துரைத்தார். திரவியார்த்திக நயம், பரியாயார்த்திக நயம் என்னும் இருவகை நோக்கிலிருந்து தொடங்கினார். முதலாவதன்படி உலகம் தோற்றமும் முடிவும் இல்லாதது. இரண்டாவதன்படி கணந்தோறும் தோன்றி மறைவது. அறியாத அவைக்கு அரிய பொருளை உரைப்பதற்கு இதனினும் தெளிவான வழி இருத்தல் அரிது. அதற்கு முன் பாதிரியார் ஒருவர் இந்துக் கோயில்களில் இறைபணி செய்யும் பெண்டிரை இழித்துப் பேசியிருந்தார். தம் சமயத்தை எவரும் தாக்கவில்லை என்பதை வீர்சந்த் முதலில் எடுத்துக்காட்டினார், ஆயினும் வாளாவிருக்கவில்லை. சமூகக் கேடுகள் எந்நாட்டிலும் உள்ளன. அவை சமயத்தால் விளைந்தவை அல்ல, சமயம் இருந்தும் நிகழ்பவை என்று பிறர் சமயத்திற்காக வாதாடினார்.

27 ஆம் நாள் நிறைவுக் கூட்டத்தில் அவர் தேர்ந்தது நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் யானையும் குருடரும் கதையையே. அனேகாந்தம் என்ற சொல்லையும் அறியாத அந்த அவைக்கு, சமயங்களை எல்லாப் பக்கமும் நோக்குக என்னும் கருத்தை அக்கதையே கொண்டு சேர்த்தது.

அதன்பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கடுங்குளிரிலும் காய்கறி உணவு தவிர வேறு கொள்ளாது நாட்டின் பெருமைக்காகப் போராடும் இவரை, அனுப்பியவர்களே சாதி நீக்கம் செய்ய முயல்கின்றனரே என்று சுவாமி விவேகானந்தர் 1894 இல் ஒரு கடிதத்தில் வருந்தினார். தாயகம் திரும்பியபோது அவ்வெதிர்ப்பு எழவே செய்தது. ஆசாரியர் துணை நின்றார். அவரும் 1896 இல் மறைந்தார். அவ்வாண்டு பஞ்சம் பரவியபோது, வீர்சந்தின் பேச்சைக் கேட்ட அமெரிக்க மக்கள் ஒரு கப்பல் நிறையத் தானியம் இந்தியாவுக்கு அனுப்பினர்.

இலண்டனில் சட்டம் பயின்றார். அங்கு அவர் உரைகளைக் கேட்டுப் புலால் துறந்தவருள் ஹெர்பர்ட் வாரன் என்னும் ஆங்கிலேயர் ஒருவர். உடல் நலிந்து தாயகம் மீண்ட வீர்சந்த், 1901 ஆகஸ்டு 7 இல், 37 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்னர் மறைந்தார். அவர் கற்பித்தவற்றைக் கொண்டு ஜைன தத்துவம் பற்றி வாரன் எழுதிய ஆங்கில நூல் 1912 இல் வெளிவந்தது.