எர்னஸ்ட் ஹான்பரி ஹாங்கின்

எர்னஸ்ட் ஹான்பரி ஹாங்கின் (பெப்ரவரி 4, 1865 – மார்ச் 29, 1939) இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய நுண்ணுயிரியலாளர் ஆவார். வாந்திபேதி (காலரா) குடிநீர் வழியே பரவுவதை வலியுறுத்திய இவர், கிணற்று நீரைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு கொண்டு தூய்மையாக்கும் முறையை 1890களில் பரப்பினார். கங்கை, யமுனை ஆறுகளின் நீரைப் பற்றிய இவரது 1896 ஆம் ஆண்டு ஆய்வும் புகழ்பெற்றதாகும்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தில் வேர் என்னும் ஊரில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். இலண்டன் புனித பர்த்தலோமியூ மருத்துவமனைக் கல்லூரியிலும் கேம்பிரிட்ச் புனித யோவான் கல்லூரியிலும் பயின்றார். பெர்லினில் ராபர்ட் கோக்கிடமும் பாரிசில் லூயி பாஸ்டரிடமும் நுண்ணுயிரியல் பயிற்சி பெற்றார். 1892 இல் ஆக்ராவில் அரசின் வேதியியல் ஆய்வாளராகப் பொறுப்பேற்றார்.

கிணறுகளில் தொற்று நீக்கம்

வாந்திபேதியின் நுண்ணுயிரியை 1884 இல் கல்கத்தாவின் குளமொன்றின் நீரில் கோக் கண்டறிந்திருந்தார். ஆயினும், கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்னும் பழைய கருத்து இந்திய மருத்துவ அதிகாரிகள் பலரிடம் நிலவியது. காற்றைக் குறைகூறும் வரை கிணறு கவனிக்கப்படாது. அதே நீரைப் பருகி மக்கள் மடிவதும் நிற்காது. எனவே நீரைக் காய்ச்சிப் பருகவும் கிணறுகளுக்கு மருந்திடவும் ஹாங்கின் வலியுறுத்தினார்.

பெர்மாங்கனேட்டை வாளி நீரில் கரைத்துக் கிணற்றில் ஊற்றுவது இவரது முறையாகும். நிறம் சில மணி நேரம் நிலைத்தால் மருந்து போதுமானது என்று கொள்ளப்பட்டது. செலவு குறைந்த இம்முறை சிற்றூர்களிலும் கையாள எளிதாக இருந்தது. எனினும் நீரில் கலந்துள்ள இலை, சேறு முதலிய கரிமப் பொருட்களே மருந்தின் பெரும்பகுதியைச் செலவழித்து விடும். இது வாந்திபேதிக் கிருமியைக் கொல்லக்கூடுமாயினும் பிற கிருமிகளிடம் அவ்வளவாகப் பயன் தருவதில்லை. நீரின் நிறத்தையும் சுவையையும் மாற்றுவதும் இதன் குறைகளாகும்.

கங்கை நீர் ஆய்வு

கங்கை, யமுனை நீரில் இடப்பட்ட வாந்திபேதிக் கிருமிகள் சில மணி நேரத்தில் மடிவதை ஹாங்கின் கண்டார். கொதிக்க வைத்த நீர் இவ்வாற்றலை இழந்ததால், எளிதில் ஆவியாகும் ஏதோவொரு பொருளே காரணம் எனக் கருதினார். 1896 இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஆய்விதழில் இம்முடிவுகள் வெளிவந்தன. எழுத்தாளர் மார்க் டுவெய்ன் தமது இந்தியப் பயண நூலில் இதைக் குறிப்பிட்டுள்ளார். நுண்ணுயிர்களைத் தாக்கும் தீநுண்மங்களான பாக்டீரியோபேச்சுகள் 1915–1917 காலத்தில் கண்டறியப்பட்ட பின், ஹாங்கின் கண்டது அவற்றின் செயலே எனப் பலர் எழுதினர். பிற்கால ஆய்வாளர் சிலர் இதனை ஏற்பதில்லை.

பிற ஈடுபாடுகள்

ஆக்ராவில் பருந்து, கழுகு முதலியவை சிறகடிக்காமல் மிதப்பதை உற்றுநோக்கி 1913 இல் விலங்குகளின் பறத்தல் குறித்து நூல் வெளியிட்டார். முகலாயக் கட்டடங்களின் வடிவியல் கோலங்கள் வரையப்பட்ட முறையை ஆராய்ந்தார். இவ்வாய்வு 1925 இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது.

குளோரினின் வருகை

இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த வின்சென்ட் நெஸ்பீல்ட் 1903 இல் குளோரின் கொண்டு குடிநீரைத் தூய்மையாக்கும் முறையை வெளியிட்டார். 1905 இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரிலும், 1908 இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரிலும் குளோரின் சேர்மங்கள் நகரக் குடிநீரில் சேர்க்கப்பட்டன. இந்தியக் கிணறுகளிலும் காலப்போக்கில் பெர்மாங்கனேட்டின் இடத்தை பிளீச்சிங் பவுடர் பிடித்தது.

பிளீச்சிங் பவுடர் நீரில் ஐப்போகுளோரசு அமிலத்தை உண்டாக்கி, பலவகைக் கிருமிகளையும் கொல்கிறது. சுமார் 33 விழுக்காடு குளோரின் தரும் தூள் 1000 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் தேவைப்படும். கலங்கிய நீருக்குக் கூடுதலாக வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருப்பின் நீர் பருகத் தக்கதாகக் கொள்ளப்படுகிறது. இந்த எச்சம் பின்னர் சேரும் மாசிலிருந்தும் ஓரளவு காக்கும். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களைத் தாக்கிய 2015 பெருவெள்ளத்தின்போது, நீரையும் வெள்ளம் புகுந்த வீடுகளின் தரையையும் தூய்மையாக்க பிளீச்சிங் பவுடரே பயன்பட்டது. ஹாங்கினின் மருந்து வழக்கொழிந்த போதிலும், கிணற்றிலேயே நோயைத் தடுக்கலாம் என்னும் அவரது அணுகுமுறை இன்றும் தொடர்கிறது.