விடுதலைக்கு ஒரு நாள் தேடித் தந்தவர்
மேஜர் றிச்சேட் றொபேட் றைற் (1855 – 1947)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுதந்திர தினம் ஜூலை 4 என்பதைப் பாடசாலை நாள்களிலேயே படித்தோம். பெப்ரவரி 1 ஆம் திகதியும் அங்கு தேசிய விடுதலை தினமாக நினைவுகூரப்படுவதை நம்மில் பலர் அறியோம். அடிமையாகப் பிறந்து, ஆசிரியராகவும் கல்லூரி அதிபராகவும் வங்கியாளராகவும் உயர்ந்து, எண்பது வயதைத் தாண்டிய பின்னர் அந்த நாளுக்காக உழைத்த ஒருவரின் வாழ்க்கையை எமது நூற்றாண்டு மலரில் பதிவு செய்வதில் மகிழ்ச்சியடைகிறோம்.

றிச்சேட் றொபேட் றைற் 1855 ஆம் ஆண்டு மே 16 ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்திலே பிறந்தார். தாயார் ஹரியற் அடிமைப் பெண்ணாக இருந்தமையால் பிள்ளையும் சட்டப்படி எசமானின் உடைமையே. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது அந்த மாநிலத்திலே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது.

சிறுவனுக்குப் பத்து வயது நிறையுமுன் நாட்டின் சட்டம் மாறத் தொடங்கியது. அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தை 1865 ஜனவரி 31 இல் பிரதிநிதிகள் சபை 119 க்கு 56 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. மறுநாள் பெப்ரவரி 1 இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அதிலே கையொப்பமிட்டார். முக்கால்பங்கு மாநிலங்களின் ஒப்புதல் டிசம்பர் 6 இல் நிறைவுபெற்றது. அவ்வாறு ஒப்புதல் அளித்த 27 ஆவது மாநிலம், றைற் பிறந்த ஜோர்ஜியாவேதான்.

சட்டம் விலங்கை அகற்றியது; வழியைக் காட்டியவர் தாயார். விடுதலை பெற்றோரின் பிள்ளைகளுக்கு அற்லாண்டா நகரில் பள்ளிக்கூடம் தொடங்கியிருப்பதைக் கேள்விப்பட்ட ஹரியற், மகனை அழைத்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்தே அங்கு போய்ச் சேர்ந்தார். அங்கே பழைய புகையிரதப் பெட்டியொன்றும் வகுப்பறையாக இருந்ததாம். ஒருநாள் அப்பள்ளிக்கு வந்த ஜெனரல் ஹவார்ட், வட மாநிலப் பிள்ளைகளுக்கு என்ன செய்தி கொண்டுபோகலாம் என்று கேட்டார். தாங்கள் எழுந்து வருவதாகச் சொல்லுமாறு விடை கூறியவன் சிறுவன் றைற். அந்த விடை கவிஞர் விற்றியரின் கவிதையொன்றிலும் இடம்பெற்றது.

1876 இல் அற்லாண்டா பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரி அணியில் முதல் மாணவராகத் தேறினார். 1880 இல் ஒகஸ்ரா நகரில் கறுப்பின மாணவருக்கான வெயர் உயர்நிலைப் பள்ளியின் அதிபரானார். 1891 முதல் 1921 வரை, முப்பது ஆண்டுகள், சவானாவில் இன்று அரச பல்கலைக்கழகமாக விளங்கும் கல்லூரியின் முதல் அதிபராக இருந்தார். ஸ்பானிய அமெரிக்கப் போரின்போது இராணுவச் சம்பள அதிகாரியாகப் பெற்ற மேஜர் பதவி அவர் பெயரோடு நிலைத்துவிட்டது.

எனினும் கிடைத்த விடுதலை மெல்லமெல்லக் கரைவதையும் அவர் கண்ணாரக் கண்டார். திருத்தத்தில் குற்றத்துக்கான தண்டனைக்கு விடப்பட்ட விதிவிலக்கைக் கொண்டு, சிறைப்பட்ட கறுப்பின மக்கள் கூலிக்கு விடப்பட்டனர். வாக்குரிமை பறிபோனது. அவர் கட்டியெழுப்பிய வெயர் பள்ளியை 1897 இல் கல்விச் சபை மூடியது. பெற்றோர் தொடுத்த வழக்கு 1899 இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. ஏட்டில் எழுதிய உரிமையை மக்கள் மறந்தால், அதைப் பறிப்பவருக்கு வேலை எளிது என்பதை இவற்றை விட வேறெது அவருக்கு உணர்த்தியிருக்கும்?

ஓய்வு பெறும் வயதில் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து வங்கி தொடங்கினார். பல வங்கிகளை வீழ்த்திய 1930 களின் பொருளாதார மந்தத்திலும் அது நிலைத்து நின்றது. புக்கர் வாஷிங்டனின் உருவம் பொறித்த தபால் முத்திரைக்காகவும் பாடுபட்டார். 1940 இல் அது வெளிவந்தது. கறுப்பின அமெரிக்கர் ஒருவரைக் கௌரவித்த முதல் முத்திரை அதுவே.

அதன்பின் லிங்கன் கையொப்பமிட்ட நாளைத் தேசமே நினைவுகூர வேண்டுமென இயக்கம் தொடங்கினார். 1942 பெப்ரவரி 1 இல் பிலடெல்பியாவின் சுதந்திர மணிக்கு மலர்வளையம் சாத்தப்பட்டது. 1947 ஜூலையில், 92 ஆவது வயதில் றைற் மறைந்தார். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1948 ஜூன் 30 இல், அந்த நாளுக்கான சட்டத்தில் ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்டார். தாம் கேட்ட நாளை அவர் காணவில்லை, நாடு கண்டது.

நமது நாட்டிலும் அடிமை முறை இருந்தது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் அடிமைகளுக்கென விதிகள் உண்டு. அமெரிக்காவுக்கு இருபது ஆண்டுகள் முந்தி, 1844 இலேயே, இலங்கையில் அது சட்டப்படி ஒழிந்தது. ஆனால் அதன் பின்னரும் பல தசாப்தங்கள் நம் பிள்ளைகள் சிலர் வகுப்பறையில் சம ஆசனத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. 1844 ஐ நினைவூட்ட நமக்கு ஒரு நாள் இல்லை.

நூறாண்டு காணும் சங்கத்தின் பிள்ளைகளாகிய நாம், உலகின் எம்மூலையில் வாழ்ந்தாலும், வகுப்பறை வாங்கில் எல்லோருக்கும் இடமுண்டா என்று பார்ப்பதை நம் கடமையாகக் கொள்வோம். மகனின் கைபிடித்து நடந்த ஹரியற் என்ற தாய்க்கும் அதுவே நாம் செய்யும் மரியாதை.