ஜூல் ரிமே

பகை கொண்ட நாடுகளைப் போர்க்களத்தில் அன்றி ஆடுகளத்தில் சந்திக்கச் செய்தல் இயலாதோ? இவ்வெண்ணத்திற்கே தம் வாழ்நாளை ஈந்தவர் ஒருவர் இருந்தார். அவரே உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைத் தோற்றுவித்த ஜூல் ரிமே.

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் 1873ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் ரிமே பிறந்தார். இவர்தம் தந்தையார் எளிய மளிகை வணிகர். இளமையிலேயே பாரிசு நகரம் சென்ற ரிமே, ஆங்குச் சட்டம் பயின்றார். 1897இல் நண்பர்களோடு ரெட் ஸ்டார் என்னும் விளையாட்டுக் கழகத்தை நிறுவினார். செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி எவரும் அதில் சேரலாம்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ரிமே படையில் பணியாற்றி வீரப் பதக்கம் பெற்றார். போரின் கொடுமையைக் கண்ணாரக் கண்ட அவர், 1921இல் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். போர் ஓய்ந்தும் பகை ஓயவில்லை. முன்னாட் பகைவரோடு ஆடோம் என்று பிரித்தானியச் சங்கங்கள் 1920இலேயே கூட்டமைப்பை விட்டு விலகியிருந்தன. எனினும் ரிமே தளரவில்லை.

அவர்தம் முயற்சியால் முதல் உலகக் கோப்பைப் போட்டி 1930இல் தென்னமெரிக்காவிலுள்ள உருகுவே நாட்டில் நடைபெற்றது. கடற்பயணம் நெடியதாகையால் ஐரோப்பாவிலிருந்து நான்கு அணிகளே சென்றன. ரிமே கோப்பையுடன் தாமே கப்பலேறினார். 13 நாடுகள் ஆடின. இறுதியில் உருகுவே, அண்டை நாடாகிய அர்ஜென்டினாவை 4–2 என்னும் கணக்கில் வென்றது. தோல்வி பொறாத சிலர், அர்ஜென்டினாவின் தலைநகரில் உருகுவே நாட்டுத் துணைத் தூதரகத்தின்மீது கல்லெறிந்தனர். பந்து மட்டும் நட்பை வளர்த்துவிடாது. ஆடுவோரிடமும் காண்போரிடமும் பெருந்தன்மை வேண்டும் என்பது அன்றே புலனாயிற்று.

1938ஆம் ஆண்டுப் போட்டி பிரான்சில் நிகழ்ந்தது. அதில் ஆடத் தகுதி பெற்றிருந்த ஆஸ்திரியாவை ஜெர்மனி முன்னரே தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஆகவே அந்நாடு தனி அணியாக வர இயலவில்லை. மறு ஆண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. இத்தாலியில் இருந்த கோப்பையைக் கால்பந்து அதிகாரி ஒருவர் காலணிப் பெட்டியில் வைத்துத் தம் கட்டிலின் அடியில் மறைத்துக் காத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் போட்டி நடைபெறவில்லை. 1950இல் அது பிரேசிலில் மீண்டும் தொடங்கியபோது ஜெர்மனிக்கு இடமளிக்கப்படவில்லை. எனினும் அவ்வாண்டிலேயே அந்நாடு மீண்டும் கூட்டமைப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

1954இல் சுவிட்சர்லாந்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி வென்றது. அதன் அணித்தலைவர் பிரிட்ஸ் வால்டர், இரண்டாம் உலகப்போரில் படைவீரராய்ச் சென்று சிறைப்பட்டு மீண்டவர். கொட்டும் மழையில் அவர் கையில் கோப்பையை அளித்தவர், முன்னொரு போரில் ஜெர்மானியரை எதிர்த்து நின்ற 80 வயது ரிமே! பகைவராய் நின்ற இரு நாடுகளின் கைகள் அன்று ஒரு கோப்பையைப் பற்றின.

ரிமே 1956ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் மறைந்தார். அவர்தம் போட்டி போரைத் தடுத்துவிடவில்லை என்பது உண்மையே. ஆயினும் போர் பிரித்தவர்களை மீண்டும் ஒன்றுகூட்ட ஓரிடம் வேண்டுமன்றோ? அவ்விடத்தை அமைத்துத் தந்ததே அப்பெரியோரின் தொண்டாகும். ஆட்டத்தில் தோற்றவரை மறுமுறை ஆட அன்புடன் அழைப்போமாயின், நாமும் அத்தொண்டில் பங்கு கொண்டவராவோம்.