உப்பளத்துச் சர்தார்



போன வருஷம் பஸ் வசதி கேட்டு வகுப்பைப் புறக்கணித்து ரோட்டில் உட்கார்ந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கோஷம் போட்டேன். சாயங்காலம் அளத்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா, என்ன கேட்டு உட்கார்ந்தீங்க, யாரிடம் கேட்டீங்க என்று விசாரித்தாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் போனாங்க, நானும் போனேன். உண்மை அவ்வளவுதான்!

அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்த வாழ்க்கை வரலாறு. இவரும் நம்மை மாதிரி உப்புக் காற்றில் வளர்ந்தவர். நம்ம மரக்காணத்தில் இருந்து கடலோரமாகவே தெற்கே போனால் வரும் வேதாரண்யம்தான் அவருடைய ஊர். அங்கேயும் அளம், பாத்தி, வெயில், உப்புக் குவியல் எல்லாம் உண்டு.

அவர் பெயர் வேதரத்தினம் பிள்ளை. 1898 பிப்ரவரி 25-ல் பிறந்தார். தந்தை அப்பாக்குட்டி பிள்ளை. உப்பு வியாபாரம் செய்தவர் வேதரத்தினம். சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டவர் கிடையாது. சும்மா இருந்திருந்தால் சௌகரியமாகவே காலம் தள்ளியிருக்கலாம்.

ஆனால் அன்றைய உப்புச் சட்டம் எப்படிப்பட்டது தெரியுமா? அரசாங்க அனுமதி இல்லாமல் யாரும் உப்பு எடுக்கக் கூடாது. வீட்டு வாசலில் கடல்நீர் தேங்கித் தானாக உப்புப் பூத்தாலும், அள்ளினால் குற்றம்! 1930-ல் ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, ஒன்றேகால் ரூபாய் வரி. பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே வரியைத்தான் கட்ட வேண்டும். கூலிக்காரனுக்கு அது பெரிய தொகை. இந்த அநியாயத்தை ஒரு உப்பு வியாபாரியைவிட யார் நன்றாக அறிவார்?

வேதரத்தினம் காங்கிரசில் சேர்ந்தார். 1929-ல் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு வேதாரண்யத்திலேயே நடந்தது. வல்லபாய் பட்டேல் தலைமை வகித்தார். மறு வருஷம் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தபோது, தமிழ்நாட்டில் எங்கே உப்பு எடுப்பது என்ற யோசனை வந்தது. எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று ராஜாஜியை அழைத்தவர் வேதரத்தினம்தான். அப்படி அழைத்தால் தன் தொழில் போகும், சொத்து போகும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தே அழைத்தார்.

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியில் இருந்து நடக்கத் தொடங்கினார்கள். தூரம் 150 மைல். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஒரு உத்தரவு போட்டார். நடந்து வருபவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஜெயில்!

நண்பர்களே, இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதுவரை அரசியல் என்றால் படித்தவர்கள் மேடையில் பேசுவது என்றுதான் கிராமத்து ஜனங்கள் நினைத்திருப்பார்கள். உத்தரவு வந்த பிறகு ஒவ்வொரு வீடும் முடிவு எடுக்க வேண்டியதாயிற்று. பசியோடு வருபவனுக்குச் சோறு போடுவதா, வேண்டாமா? ஜனங்கள் போட்டார்கள்! சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கும்பகோணத்தில் விருந்தளித்த பந்துலு ஐயர் ஜெயிலுக்குப் போனார். ஜனங்களுக்கு அரசாங்கத்தின் மீது இருந்த பக்தி செத்துவிட்டது என்று கடைசியில் கலெக்டரே மேலிடத்துக்கு எழுத வேண்டி வந்தது.

ஏப்ரல் 28-ல் படை வேதாரண்யம் சேர்ந்தது. 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பு எடுத்த ராஜாஜி கைதானார். வேதரத்தினமும் சிறை சென்றார். தலைவர்கள் போனதும் ஊர் அடங்கிவிட்டதா? இல்லை. போலீசுக்கு வேலை செய்ய மாட்டோம் என்று ஜனங்கள் உறுதி எடுத்தார்கள். வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி ஒருவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்தது. அப்படியே கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்! மீதியையும் முடிக்கும்படி நீதிமன்றம் சொல்லியும் மறுத்துச் சிறைக்குப் போனார். அவர் பட்டம் படித்தவர் அல்ல, மேடை ஏறியவர் அல்ல. எதற்காக மறுக்கிறோம் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தவர்.

வேதரத்தினத்தின் சொத்துகளை அரசாங்கம் பறிமுதல் செய்தது. அவர் அசரவில்லை. ஜனங்கள் அவரைச் சர்தார் என்று அன்போடு அழைத்தார்கள். 1946-ல் பெண் குழந்தைகளின் படிப்புக்காகவும் ஆதரவற்றவர்களுக்காகவும் வேதாரண்யத்தில் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். 1947-ல் உப்பு வரி ஒழிந்தது. பிறகு சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்து, 1961 ஆகஸ்ட் 24-ல் காலமானார். நூற்றாண்டையொட்டி 1998-ல் அவர் படத்தோடு தபால்தலை வந்தது.

இந்த வாழ்க்கையில் இருந்து நான் கற்றது இதுதான். கூட்டத்தில் நிற்பதால் மட்டும் விழிப்புணர்ச்சி வந்துவிடாது. தன் அடுப்படியிலும் தன் தொழிலிலும் இருக்கிற அநியாயத்தை அடையாளம் கண்டு, தன் கையால் ஒரு காரியத்தைச் செய்யவோ மறுக்கவோ துணியும்போதுதான் அது வருகிறது. சோறு கட்டிய தாயும், கத்தியை மடக்கிய வைரப்பனும், சொத்தை இழந்த வேதரத்தினமும் ஒரே பாடத்தைத்தான் படித்தார்கள்.

நம்ம பஸ் பிரச்சினை இன்னும் தீரவில்லை. இந்தத் தடவை ரோட்டில் உட்காரும் முன்னால் நாமே கணக்கெடுப்போமா? காலையில் எந்த ஊர் ஸ்டாப்பிங்கில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை மணிக்கு பஸ் வேண்டும், யாருக்கு மனு கொடுக்க வேண்டும் என்று எழுதி, எல்லாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். அதற்குப் பிறகும் உட்கார வேண்டி வந்தால் உட்காருவோம்.

அன்று சாயங்காலம் அம்மா மறுபடியும் கேட்டால், என்னிடம் பதில் இருக்கும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை