ஊர் கூடி ஓம்பிய பள்ளி

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிக் கூடூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில், தமிழ்நாட்டின் எல்லை முடியுமிடத்தை ஒட்டி அமைந்துள்ளது ஆரம்பாக்கம் என்னும் ஊர். அதற்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. ஏரி எனப் பெயர் பெற்றிருப்பினும் அது நன்னீர் நிலையன்று. கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் உவர்நீர்க் காயல். நம் நாட்டிலுள்ள உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பரப்புடையது அதுவே. அதன் கரையிலுள்ள குப்பங்களில் வாழும் மீனவர், மீன்பிடிக்கும் இடங்களைப் 'பாடு' என்று பகுத்து, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்துள்ளனர். இன்ன நாளில் இன்ன இடம் இன்னார்க்கு என்பது ஊர் கூடி முடிவு செய்யப்படும். வலியவன் நல்ல துறையைத் தனக்கே வளைத்துக்கொள்ளுதல் அம்முறையில் இயலாது.

மீன் படும் துறையை ஊர்ப்பொதுவென்று கருதுவோர், தம் பிள்ளைகள் பயிலும் பள்ளியையும் அவ்வாறே கருதுகின்றனரா? இவ்வினா ஏரிக்கரை மக்களை மட்டும் நோக்கியதன்று. நாடு விடுதலை பெற்ற பின்னர்ப் பள்ளிகள் பெருகின. ஆயினும், பள்ளி அரசினருடையது, அதன் கூரை ஒழுகினால் அரசினரே வந்து வேய்வர் என்னும் எண்ணம் ஊர்தோறும் பரவியிருந்தது. அவ்வெண்ணத்தை மாற்ற முனைந்து, பெரிதும் வெற்றி கண்டவர் நெ. து. சுந்தரவடிவேலு. அவர் முயற்சியால் முதற்பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிய இடம் திருவள்ளூருக்கு அருகிலுள்ள கடம்பத்தூர், ஆண்டு 1958. ஆரம்பாக்கமும் கடம்பத்தூரும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன; இந்நாளில் இரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

சுந்தரவடிவேலு 1912-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பெயரின் முன்னெழுத்துகளில் முதலாவது அவ்வூரையும், அடுத்தது தந்தையார் துரைசாமியின் பெயரையும் குறிப்பன. ஊர்ப்பெயரை இறுதிவரை தம் பெயரோடு சுமந்த அவர்க்குச் சிற்றூர்ப் பள்ளியின் குறை பிறர் சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் உயர்நிலைக் கல்வி பெற்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். இளமையிலேயே தன்மான இயக்கக் கருத்துகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அக்கருத்துகளை மேடையில் பேசி மகிழ்ந்ததோடு அவர் அமையவில்லை. சாதி கடந்து காந்தம்மையாரை மணந்து, தம் வாழ்விலும் நிலைநாட்டினார்.

ஊராட்சித் துறையில் சில காலம் பணியாற்றிய பின்னர், பள்ளி ஆய்வாளராகக் கல்வித்துறையிற் புகுந்து பல ஊர்களையும் கண்டார். ஆய்வாளர் வருகையென்றால் அந்நாளில் ஆசிரியர் நடுங்குவர். பதிவேட்டில் பிழை காண்பதே ஆய்வு என்று எண்ணியோர் பலர். சுந்தரவடிவேலு பதிவேட்டையும் பார்த்தார். அதில் பெயரெழுதப்பட்டும் வாராதிருந்த பிள்ளைகளைப் பற்றியும் எண்ணினார்.

1954-ஆம் ஆண்டு காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக அமர்ந்தார். அப்பொழுது அவர் வயது நாற்பத்திரண்டு. எழுத்தறியாத ஊர்களில் பள்ளி திறப்பதே முதற்பணியாயிற்று. ஓராசிரியர் பள்ளிகள் பல எழுந்தன. ஆனால் பள்ளியைத் திறத்தல் வேறு, பிள்ளைகளை அதனுள் இருத்தி வைத்தல் வேறு. பசித்த பிள்ளை மாடு மேய்க்கப் போகும். அதனால் அரைவயிற்றுக் கஞ்சியேனும் கிட்டும். பள்ளியிலோ பாடம் மட்டுமே உண்டு.

ஆகவே நண்பகல் உணவளிக்கும் எண்ணம் தோன்றியது. கருவூலத்தில் அதற்குப் பொருள் இல்லை என்றோர் இருந்தனர். அவர் கூற்று பொய்யுமன்று. எனவே 1956-ஆம் ஆண்டு ஊர்மக்களின் கொடையைக் கொண்டே அப்பணி தொடங்கப்பெற்றது. ஒரு வீட்டார் ஒரு பிடி அரிசி தந்தனர். மற்றொரு வீட்டார் விறகு தந்தனர். தோட்டமுடையார் காய்கறி தந்தனர். மக்கள் முன்வந்ததைக் கண்ட பின்னர், 1957-ஆம் ஆண்டு நவம்பர் முதல் அரசும் பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை ஊராரும் ஏற்பது என முறை வகுக்கப்பட்டது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். அக்காலத்துச் சிற்றூரில் அது சிறிய செயலன்று.

அந்த நான்கு காசை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். முழுச் செலவையும் அரசே ஏற்றிருந்தால் ஊரார் வாளாவிருந்திருப்பர். முழுவதையும் ஊராரே ஏற்க நேர்ந்திருந்தால் ஏழை ஊர்களில் அடுப்பெரிந்திராது. ஆறும் நான்கும் சேர்ந்த இடத்தில், சோற்றில் கல் இருந்தால் ஏன் என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டாயிற்று.

சோற்றுக்கு ஊர் உதவுமாயின் சுவருக்கு உதவாதோ? சுந்தரவடிவேலு இவ்வாறே மேற்சென்றார். தொடக்கக் கல்விக்கென ஒதுக்கப்படும் பணத்திற் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியத்துக்கே சென்றுவிடும். எஞ்சும் சிறு தொகையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குக் கூரையும் பலகையும் தர இயலாது. ஆதலின் ஒவ்வொரு பள்ளியும் தன் தேவைகளைப் பட்டியலாக எழுத வேண்டும். ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் கூடி, எதனை யார் தருவது என்று முடிவு செய்ய வேண்டும். பின்னர் ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் பலவும் ஓரிடத்தில் மாநாடாகக் கூடித் தாம் பெற்றவற்றை எல்லோரும் காண வைக்க வேண்டும். பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் அமைப்பு இதுவே. கடம்பத்தூரில் கண்டதை அடுத்து, மாநிலமெங்கும் அத்தகைய மாநாடுகள் நடைபெற்றன. முதலமைச்சர் காமராசரே அவற்றுட் பலவற்றிற் கலந்துகொண்டார். சில ஆண்டுகளில் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் பள்ளிகளைச் சென்றடைந்தன.

கொடையின் தொகையை விட அதன் வகைகளே என் உள்ளத்தைக் கவர்வன. நிலமுடையார் நிலம் தந்தனர். கட்டடம் கட்டித் தந்தாரும் உளர். ஒரு நாற்காலி தந்தாரும் உளர். தண்ணீர்ப் பானை, கரும்பலகை, கடிகாரம், நிலவுருண்டை, வானொலி, விளையாட்டுக் கருவிகள், இசைக்கருவிகள், சுவரில் மாட்டும் படங்கள் எனப் பலவும் வந்தன. பொருளில்லாதவர் ஒரு நாள் உழைப்பைத் தந்து சுவருக்கு வெள்ளையடித்தனர், வேலி கட்டினர். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே வகையான உடை தைத்தளிக்கும் பணியும் பின்னர் இதனோடு சேர்ந்தது. உடையால் ஏழையையும் செல்வனையும் பிரித்தறிதல் அதனால் அரிதாயிற்று.

இப்பட்டியலில் கூரையும் பலகையும் இடம்பெறுதல் வியப்பன்று. பள்ளித் தோட்டமும் மத்தளமும் ஏன் இடம்பெற வேண்டும்? வயிறார உண்ணாத ஊரில் ஆடலும் பாடலும் எதற்கு என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். இவ்வினாவை உலகம் முன்னரே கண்டதுண்டு. செருமனி நாட்டுப் பிரோபெல் 1837-ஆம் ஆண்டிலேயே சிறுவர்க்கெனப் பள்ளி கண்டு, பின்னர் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் பெயரிட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பாத்தி ஒதுக்கினார். தாகூர் 1901-ஆம் ஆண்டு சாந்திநிகேதனத்தில் மரநிழலையே வகுப்பறையாக்கி, இசையையும் ஓவியத்தையும் கல்வியின் உறுப்புகளாக வைத்தார். காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டு வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழிலே நடுவிடம் பெற்றது. நூற்கல்வியால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடாது என்பது அப்பெரியோர் அனைவர்க்கும் உடன்பாடு. வேற்றுமை யாதெனின், அவர்தம் பள்ளிகள் ஒரு சிலவே. சுந்தரவடிவேலுவின் முன் நின்றவையோ பல்லாயிரம் எளிய பள்ளிகள். அத்தனைக்கும் ஒரு தாகூரைத் தேடவியலாது. ஒவ்வோர் ஊரிலும் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஒருவரையும் மத்தளம் தட்டத் தெரிந்த ஒருவரையும் எளிதில் தேடலாம்.

ஈண்டு யான் கண்டதொன்றைக் கூறுதல் பொருந்தும். ஆரம்பாக்கத்தைச் சூழ்ந்த ஏரிக்கரைப் பகுதியில் பள்ளித் தோட்டம் இடுதல் உள்நாட்டு ஊர்களிற் போல எளிதன்று. விதையை மட்டும் அனுப்பினால் பயனில்லை. மணலில் உப்பு ஊறியிருக்கும். கிணற்று நீரும் பல இடங்களில் கரிக்கும். அத்தகைய ஊரொன்றில், உள்நாட்டு உழவர் ஒருவர் குளத்து வண்டலை வண்டியிற் கொணர்ந்து கொட்டினார்; மீனவர் கிழிந்த வலைகளைத் தந்தனர். அவ்வலைகளே ஆடு நுழையாதபடி பாத்தியைச் சூழ்ந்த வேலியாயின. ஆண்டு விழாவில் பிள்ளைகள் தம் தந்தையர் தோணி தள்ளும்போது பாடும் மெட்டில் ஆடிப்பாடினர். வண்டலும் வலையும் அவ்வூருக்கு வேண்டும் என்பது தலைநகரில் அமர்ந்து பட்டியல் எழுதுவார்க்கு எங்ஙனம் தோன்றும்? தேவையை அந்தந்த ஊரே எழுத வேண்டும் என்று சுந்தரவடிவேலு வகுத்த முறையின் நுட்பம் அன்றுதான் எனக்கு நன்கு விளங்கிற்று.

இவ்வியக்கத்தின்மேல் குறை கூறினாரும் உண்டு. ஆசிரியர் வீடுவீடாகச் சென்று கையேந்துதல் அவர்தம் மதிப்புக்கு இழுக்காகும் என்றனர் சிலர். அரசு தன் கடமையை மக்கள் தலையிற் சுமத்துகின்றது என்றனர் வேறு சிலர். செல்வர் வாழும் ஊர்ப் பள்ளி மேலும் செழிக்கும், வறிய குப்பத்துப் பள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதும் ஒரு குறை. முதற்குறையை யான் ஏற்கேன். தனக்கெனக் கேட்பதே இரத்தல். ஊர்ப்பிள்ளைகளுக்கென ஊராரிடம் கேட்பது அதனின் வேறு. பெற்றதை மறைவில் வைக்காமல் மாநாட்டில் எல்லோர் முன்னும் வைத்ததால் ஐயத்துக்கும் இடம் குறைந்தது. இரண்டாங்குறைக்கு உணவுத் திட்டத்தின் ஆறு காசு ஒருவாறு விடையாகும். மூன்றாங்குறையோ எளிதில் தள்ளத்தக்கதன்று. பல பள்ளிகளை ஒரு மாநாட்டில் சேர்த்ததால், அயலூரைக் கண்டு ஊக்கம் கொண்ட ஊர்கள் உண்டு. எனினும், கொடுப்பார் இல்லாத ஊரில் பட்டியல் பட்டியலாகவே நின்றிருக்கும். வந்த பொருளைப் பேணுதலும் தனிப் பொறுப்பு. தோட்டம் இட்ட ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால், அடுத்த கோடையிலேயே பாத்தி கட்டாந்தரையாவதை நாம் காண்கின்றோம். பிற்காலத்தில் இயக்கத்தின் வேகமும் தணிந்தது.

அவர் பணியைப் பாராட்டி இந்திய அரசு 1961-ஆம் ஆண்டு பத்மசிறீ விருதளித்தது. 1969-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி, 1975 வரை அப்பொறுப்பை வகித்தார். பட்ட வகுப்புகளை ஆளும் அவ்வுயர்ந்த இருக்கையில் அமர்ந்த போதும், சிற்றூர்ப் பள்ளியின் தரையில் அமர்ந்திருந்த பிள்ளையை அவர் மறந்தாரல்லர். ஓய்வு பெற்ற பின் தம் வாழ்வை 'நினைவு அலைகள்' என்னும் தலைப்பில் மிக விரிவாக எழுதினார். 1982-ஆம் ஆண்டு சத்துணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கப்பெற்ற போது, ஒரு பிடி அரிசியில் எழுந்த பழைய அடுப்பு மிகப் பெரிதாக வளர்ந்ததை அவர் கண்ணாரக் கண்டார். ஊராரின் நான்கு காசு அதற்குள் கணக்கிலிருந்து நீங்கியிருந்தது.

1993-ஆம் ஆண்டு சுந்தரவடிவேலு இயற்கை எய்தினார். கடம்பத்தூரின் வழியே இன்றும் அரக்கோணத்துத் தொடர்வண்டிகள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செல்கின்றன.