அம்பேத்கருக்குக் கடினமாக இருந்த வாசல் எது?

எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது கடினம் என்று மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். பெயர் பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் உச்சியில் இருக்கும். ஊர்ப் பள்ளிக்கூடம் கணக்கிலேயே வராது. அண்ணல் அம்பேத்கரின் படிப்பை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் பிறந்தவர் அவர். தந்தை ராம்ஜி ராணுவ சுபேதார். ஆனாலும் மகார் சாதிப் பிள்ளை என்பதால், சதாரா பள்ளியில் சிறுவன் பீமன் ஒரு மூலையில் தனியாக உட்கார வேண்டும். உட்காரும் சாக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோய், மாலையில் சுருட்டி எடுத்துவர வேண்டும். குழாயை அவர் தொடக்கூடாது. பள்ளிச் சிப்பந்தி திறந்துவிட்டால் தண்ணீர். சிப்பந்தி இல்லையென்றால் தாகம்தான்.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தும் இது ஓயவில்லை. கரும்பலகையில் கணக்குப் போட அவர் எழுந்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்றுப் பாத்திரங்களை எடுக்க மற்றப் பிள்ளைகள் ஓடினார்கள். சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார்; மறுக்கப்பட்டது. பாரசீகம் படித்தார். 1907இல் மெட்ரிக் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவ, 1912இல் பி.ஏ. முடித்தார்.

அடுத்தது அமெரிக்கா. 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இன்று அங்கே நுழைவது உலகத்துக்கே பெரும்பாடு. அவருக்கோ அங்கே தனிச் சாக்கு இல்லை, தனி மூலை இல்லை. பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மானுடவியல் என்று கிடைத்த பாடத்தையெல்லாம் படித்தார். 1915இல் எம்.ஏ. பெற்றார்.

அங்கே தடையாக நின்றது பணம். பரோடா உதவித்தொகை மூன்றாண்டுக்குத்தான். அதற்கு ஈடாகப் பத்தாண்டு பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக்கழகத்திலும் சேர்ந்தவர், உதவி நின்றதால் 1917இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. இவ்வளவு படித்தவருக்கு பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். தடியோடு வந்த கூட்டம் அங்கிருந்தும் துரத்தியது.

அவர் விடவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சம்பளத்தைச் சேமித்தார். கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனும் சேர, 1920இல் மறுபடி லண்டன் போனார். அடுத்த ஆண்டே எம்.எஸ்சி. பெற்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது ஆய்வைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். எழுதியதைப் பார்த்துக் குறை சொன்னார்கள். பிறப்பைப் பார்த்து அல்ல. இந்த இரண்டும் ஒரே வகைக் கடினம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பின்னாளில் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்புக்கு நிதி ஒதுக்கும்படி அரசிடம் வாதாடினார். மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இல் தொடங்கியது. நம் கல்லூரிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் சாதிச் சான்றிதழோடும் வருமானச் சான்றிதழோடும் விண்ணப்பிக்கிறார்களே, அதே உதவித்தொகைதான்.