குடோன் மெஷினில் கட்டைவிரல் சைஸ் சுவிட்ச்... அதுக்குப் பின்னாடி இருக்கும் ஃபிராங்க் ஸ்பிரேக் யார்?

கம்பைநல்லூர் பக்கம் ஒரு குடோன்னு வச்சுக்கோங்க. பேட்டரியில் ஓடும் ஸ்டேக்கர் திடீர்னு மூட்டைகளைத் தூக்க மறுக்கிறது. மோட்டார் நல்லா இருக்கு, பேட்டரியில் சார்ஜும் இருக்கு. போனது கைப்பிடியில் இருக்கும் சின்ன சுவிட்ச். ஒரு டன் எடையைத் தூக்கும் கரன்ட் முழுக்க அந்தச் சுவிட்ச் வழியாகவா போகிறது? இல்லை. அது கட்டளையை மட்டும்தான் அனுப்பும். பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுவது உள்ளே இருக்கும் கான்டாக்டர்.

சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய மோட்டார்களை ஆட்டுவிக்கும் இந்த வித்தையை லிஃப்ட்டிலும் ரயிலிலும் சாதித்துக் காட்டியவர் ஃபிராங்க் ஸ்பிரேக்.

1857-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட, அத்தை வீட்டில் வளர்ந்தார். 1878-ல் கடற்படை அகாடமியில் பட்டம் முடித்தார். 1883-ல் எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். எடிசனுக்கு விளக்கு மீது கண், இவருக்கு மோட்டார் மீது. அடுத்த வருஷமே வெளியே வந்து சொந்தக் கம்பெனி தொடங்கிவிட்டார்.

ரிச்மண்ட் நகரில் 40 மின்சார டிராம்களை 90 நாளில் ஓட்டிக் காட்டுவதாக ஒப்பந்தம் போட்டார். நடுவில் டைபாய்டு வந்து படுத்தார், கெடுவும் தாண்டியது. ஆனாலும் 1888-ல் டிராம்கள் ஓடின. 1890-ல் அவர் கம்பெனியை எடிசன் நிறுவனம் வாங்கியது. அதோடு ஸ்பிரேக் என்ற பெயரே பலகையிலிருந்து காணாமல் போனது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

கோபத்தில் லிஃப்ட் பக்கம் திரும்பினார் என்றுகூடச் சொல்லலாம். உயரமான கட்டிடங்களில் அப்போது தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் லிஃப்ட்தான் ராஜா. 1892-ல் சார்லஸ் பிராட்டோடு சேர்ந்து மின்சார லிஃப்ட் கம்பெனி ஆரம்பித்தார். நியூயார்க்கின் போஸ்டல் டெலிகிராஃப் கட்டிடத்தில் அவரது லிஃப்ட்கள் ஏறி இறங்கின.

அங்கேதான் பொறி தட்டியது. பல லிஃப்ட்களை ஒரே இடத்திலிருந்து இயக்க முடிந்தால், ரயில் பெட்டிகளை ஏன் முடியாது? ஒவ்வொரு பெட்டியிலும் மோட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்ட்ரோலர். டிரைவர் கையில் இருக்கும் மாஸ்டர் சுவிட்ச், மெல்லிய ஒயர் வழியாக எல்லா கன்ட்ரோலர்களையும் ஒரே நேரத்தில் இயக்கும். சிகாகோ மேம்பால ரயில் கம்பெனி நம்பவில்லை. ஒரு லட்சம் டாலர் உத்தரவாதம் கேட்டது, கொடுத்தார். 1897 ஜூலையில் நடந்த சோதனையில் பெட்டிகளை ஓட்டியது அவருடைய 10 வயது மகன் டெஸ்மண்ட். சின்னப் பையன் கைக்கு அடங்கும் சுவிட்ச் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேணுமா?

1931-ல் சென்னை கடற்கரை-தாம்பரம் பாதையில் ஓடத் தொடங்கிய மின்சார ரயிலும் இதே வழியில் வந்ததுதான்.

இதனால்தான் குடோனில் சுவிட்சை மாற்றும்போது சைஸ் பொருந்தினால் மட்டும் போதாது. அதன் வோல்ட், ஆம்பியர் அளவு பழையதோடு ஒத்துப்போகணும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங்கில் தானாகத் திரும்பணும். திரும்பாமல் ஒட்டிக்கொண்டால் கான்டாக்டர் மூடியே இருக்கும், சரக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும்.

எழுபது வயசைத் தாண்டியும் ஸ்பிரேக் சும்மா இருக்கவில்லை. ஒரே குழிக்குள் இரண்டு லிஃப்ட் ஓடும் ஏற்பாட்டைச் செய்தார். 1934 அக்டோபர் 25-ல் இறந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.